கோணல் கையும் நேரான பந்தும்: பூல் ஆட்டத்தில் மரபு மீறிய ஸ்ட்ரோக்குகளைப் பழகும் முறை

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஓசூரிலோ பூல் (கியூ என்ற கம்பால் அடித்து, மேசைமேல் உள்ள பந்துகளைப் பாக்கெட்டில் விழவைக்கும் ஆட்டம்) கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு முதல் நாளே கிடைக்கும் அறிவுரை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். முழங்கையை ஆணியடித்தாற்போல் நிறுத்து, முன்கை மட்டும் ஊசலாடட்டும், தலை அசையக்கூடாது, கியூ தாடையை உரசிக்கொண்டு போகட்டும் என்பார்கள். உலக சாம்பியன் பங்கஜ் அத்வானி போன்றவர்களை வளர்த்த பெங்களூருவின் ஸ்நூக்கர் (பூலைப் போன்ற இன்னொரு மேசை ஆட்டம்) பயிற்சி நமக்கு மிக அருகில் இருப்பதால்தான் இந்த இலக்கணம் நம் ஊர்க் கூடங்களில் இவ்வளவு உறுதியாக வேரூன்றியிருக்கிறது என்று நினைக்கிறேன். தொடங்குகிறவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், ஓரளவு ஆடத் தெரிந்த பிறகும் ஒருவருடைய ஸ்ட்ரோக், அதாவது கியூவை வீசி அடிக்கும் முறை, இந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை என்றால், அதைத் திருத்த வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா, அல்லது மற்றவர்களும் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அந்த அறிவுரையில் விடை இல்லை. இந்த வழிகாட்டி அந்தக் கேள்விக்காக எழுதப்பட்டது.

உலகத்தரத்தில் ஆடியவர்களைப் பார்த்தால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த எஃப்ரன் ரெயஸ் 1994-இல் அமெரிக்க ஓப்பன் ஒன்பது பந்துப் போட்டியை (ஒன்பது பந்து பூலின் ஒரு வகை) வென்ற முதல் வெளிநாட்டவரானார், 1999-இல் உலகப் பட்டத்தையும் வென்றார். அவருடைய ஒத்திகை வீச்சுகளில் கியூ நீளமாக, தளர்வாக, வளைந்து நெளிந்து போய்வரும். அவருடைய நாட்டவரான பிரான்சிஸ்கோ புஸ்டமான்டே 2010-இல் தோஹாவில் உலக ஒன்பது பந்துப் பட்டத்தை வென்றவர். அவர் ஊன்றும் கையை, கியூவால் அடிக்கும் வெள்ளைப் பந்திலிருந்து வெகுதூரம் பின்னால் வைத்து, மணிக்கட்டை முழுவதுமாகத் தளரவிட்டு அடிப்பார். அமெரிக்க ஓப்பனை 1977-லும் 1981-லும் வென்ற ஆலன் ஹாப்கின்ஸோ இதற்கு நேரெதிர். கியூவைப் பின்னுக்கு இழுத்தாரா என்றே சந்தேகம் வரும் அளவுக்குக் குட்டையான அடி அவருடையது. கீத் மெக்ரெடி முழங்கையை உடம்பிலிருந்து வெளியே தள்ளிப் பக்கவாட்டில் வீசி அடிப்பார். சிறு வயதில், தன் உயரத்துக்கு மிஞ்சிய மேசையில் ஆடத் தொடங்கியதால் வந்த பழக்கம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். 1965-இல் கலிஃபோர்னியாவின் பர்பாங்க் நகரில் உலகப் பட்டம் வென்ற சிசரோ மர்ஃபியின் ஸ்ட்ரோக்கில், பந்தைத் தொடுவதற்கு முன்னால் கியூ ஒரு கணம் தயங்கி நிற்கும். இவர்களில் ஒருவரைப்போல் இன்னொருவர் அடிக்கவில்லை. ஆனால் பந்து எல்லோருக்கும் பாக்கெட்டில்தான் விழுந்தது.

டிப் பந்தைத் தொடும் அந்த நொடித்துகள்

இதற்கான காரணம் மிக எளிமையானது. கியூவின் முனையான டிப் வெள்ளைப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் சுமார் ஒரு மில்லி நொடி, அதாவது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நடுத்தர வேகத்தில் அடிக்கும்போது அந்த நேரத்துக்குள் டிப் நகரும் தொலைவு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பிறகு வெள்ளைப் பந்து கியூவைவிட வேகமாகக் கிளம்பிப் போய்விடுவதால், நாம் எவ்வளவு அழகாகக் கியூவை முன்னே நீட்டினாலும் அது பந்தை மறுபடி தொடுவதில்லை. அந்த ஒரு மில்லி நொடியில் கியூ எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது, டிப் பந்தில் எந்த இடத்தைத் தொடுகிறது ஆகிய நான்கையும், கியூ, டிப் ஆகியவற்றின் தன்மையையும் தவிர வேறெதுவும் பந்துக்குத் தெரியாது. முழங்கை எங்கே இருந்தது, மணிக்கட்டு எப்படி முறுக்கிக்கொண்டது, தலை எவ்வளவு தாழ்ந்திருந்தது என்பவை இந்த நான்கையும் பாதித்தால்தான் பந்தைப் பாதிக்கும்.

எனவே ஒரு ஸ்ட்ரோக்கைப் பார்த்து நாம் கேட்க வேண்டியது, அது அழகாக இருக்கிறதா என்பதல்ல. இந்த நான்கையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறதா என்பதே கேள்வி. ஊசல் ஸ்ட்ரோக் சிறந்த தொடக்கமாக இருப்பதற்குக் காரணமும் இதுதான். அசையும் மூட்டுகள் குறைவாக இருப்பதால், அதை ஒரே மாதிரியாகத் திரும்பச் செய்வது எளிது. மரபு மீறிய ஸ்ட்ரோக்கில் அசையும் பாகங்கள் அதிகம் என்பதால், அதை ஒழுங்குக்குக் கொண்டுவர அதிக உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை ஏற்கெனவே முடித்தவரின் கையை மாற்றச் சொல்வது பல நேரங்களில் அவருக்குச் செய்யும் தீங்கு.

ஓசூரில் ஒரு மாடிக் கூடத்தில், தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் இளைஞர் ஒருவர் ஷிஃப்ட் முடிந்து ஆட வருவார். குடத்தை இடுப்பில் வைத்தவரைப்போல் அவருடைய வலது முழங்கை வெளியே துருத்தி நிற்கும். பக்கத்தில் நின்று பார்த்தால் அந்த வீச்சு பதைபதைக்க வைக்கும். நான் மேசையின் எதிர் முனைக்குப் போய், அவருடைய கியூவுக்கு நேர் எதிரே குனிந்து டிப்பை மட்டும் பார்த்தேன். பின்னுக்கு இழுக்கும்போது டிப் இடது பக்கம் விலகியது. முன்னே வரும்போது, பந்துக்கு இரண்டு அங்குலம் இருக்கையிலேயே கோட்டுக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில்தான் திரும்பியது. “தம்பி, முழங்கையை உள்ளே இழுத்து அடிப்பா” என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் அக்கறையோடு சொல்ல, அவரும் “சரிங்கண்ணா” என்று கேட்டுக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் எளிய பந்துகளே அவருக்குத் தப்பத் தொடங்கின. பழைய கைக்குத் திரும்பிய பிறகுதான் அவருடைய ஆட்டமும் திரும்பியது. வீச்சைப் பக்கவாட்டிலிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது, எதிரே நின்று டிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாற்றுவதற்கு முன் சோதியுங்கள்

உங்கள் ஸ்ட்ரோக் கோணலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அல்லது உங்களுக்கே அப்படித் தோன்றினால், எதையும் மாற்றுவதற்கு முன்னால் மூன்று சோதனைகளைச் செய்துபாருங்கள். அதற்கும் முன்னால் மேசையைச் சோதிக்க வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய கூடங்களில் பந்துகளில் தூசி படிந்திருக்கும். அழுக்குப் பந்துகள் ஒன்றையொன்று தொடும்போது பற்றிக்கொண்டு திசையை மாற்றிவிடும் என்பதால், ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். ஒரு பந்தை மிக மெதுவாக மேசையின் இரு திசைகளிலும் உருட்டிவிட்டு, அது எந்தப் பக்கமாவது சாய்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். சாய்ந்தால் அந்த மேசையில் சோதனை வேண்டாம். ஐப்பசி மழைக்காலத்தில் துணி ஈரம் இழுத்து மெதுவாகிவிடும், அப்போது கிடைக்கும் முடிவுகளைக் கோடையின் முடிவுகளோடு ஒப்பிடக்கூடாது.

முதல் சோதனைக்கு வெள்ளைப் பந்தை மேசையின் ஒரு முனையில், நடுக்கோட்டில் வைத்து, எதிர்க் குஷனின் (மேசை விளிம்பின்) நடுப்புள்ளியைக் குறிவைத்து, மையத்துக்குச் சற்று மேலே அடியுங்கள். பந்து குஷனில் பட்டு அதே கோட்டில் திரும்பி வந்து உங்கள் டிப்பிலேயே முட்ட வேண்டும். போகும்போது கோட்டில் போய், திரும்பும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ விலகினால், நீங்கள் அறியாமல் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) சேர்க்கிறீர்கள். எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகினால் அது பெரும்பாலும் பார்வையின் கோளாறு, மையம் என்று நீங்கள் நினைக்கும் இடம் மையம் இல்லை என்று பொருள். ஒருமுறை வலம், மறுமுறை இடம் என்று மாறி மாறி விலகினால்தான் அது வீச்சின் கோளாறு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பார்வைக் கோளாறுக்குக் கையைத் திருத்துகிறவர்கள் நம்மிடையே ஏராளம்.

பார்வை என்றதும் ஜோ டேவிஸ் நினைவுக்கு வருகிறார். 1927 முதல் 1946 வரை பதினைந்து முறை ஸ்நூக்கர் உலகப் பட்டத்தை வென்ற அவருக்கு வலது கண் பார்வை மிகக் குறைவு. அதனால் கியூவை இடது கண்ணுக்குக் கீழே ஓடவிட்டார். தாடையின் நடுவில்தான் கியூ ஓட வேண்டும் என்ற விதி அவருக்குப் பொருந்தவில்லை. உங்களுக்கும் பொருந்துகிறதா என்று அறிய, ஒரு நேரான நீளமான பந்தை அமைத்து, குனிந்து நின்று, தலையை மட்டும் மெல்ல இடமும் வலமும் நகர்த்திப் பாருங்கள். கியூ, வெள்ளைப் பந்து, குறிப்பந்து (பாக்கெட்டில் விழ வேண்டிய பந்து) மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும் இடம் எதுவோ அதுவே உங்கள் தலைக்குரிய இடம்.

இரண்டாவது, நிறுத்தி அடிக்கும் ஸ்டாப் ஷாட். வெள்ளைப் பந்து, குறிப்பந்து, பாக்கெட் மூன்றும் நேர்க்கோட்டில் இருக்க, முதலில் இரண்டடி இடைவெளியில் அடியுங்கள், பிறகு நான்கடி, பிறகு ஆறடி. குறிப்பந்து விழுந்ததும், வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றினால் சைடு கலந்திருக்கிறது. முன்னே நகர்ந்தாலோ பின்னே வந்தாலோ, நீங்கள் தொட நினைத்த உயரத்தை டிப் தொடவில்லை அல்லது வேகம் ஒத்துவரவில்லை. ஒவ்வொரு தொலைவிலும் பத்துக்கு எட்டு முறை சரியாக நிற்குமானால் உங்கள் கை எவ்வளவு கோணலாகத் தெரிந்தாலும் அதில் கைவைக்காதீர்கள்.

மூன்றாவது, கைபேசியின் ஸ்லோ மோஷன். பல கைபேசிகள் நொடிக்கு 240 படங்கள் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நான்கு மில்லி நொடிக்கு மேல் கடந்துவிடும் என்பதால், டிப் பந்தைத் தொடும் கணத்தை அதில் பார்க்க முடியாது. ஆனால் தொடுவதற்கு முந்தைய சில படங்களிலும் பிந்தைய சில படங்களிலும் கியூ ஒரே கோட்டில் இருக்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். கைபேசியை எதிர்க் குஷன் மேல், கியூவின் கோட்டுக்கு நேராக வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் முழங்கையின் அழகு மட்டும்தான் தெரியும்.

நீளமான பிரிட்ஜும் தளர்ந்த மணிக்கட்டும்

பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களின் வழியில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது அதிகம் என்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வழக்கமாகப் பிரிட்ஜுக்கும் (மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் கைக்கும்) வெள்ளைப் பந்துக்கும் நடுவே எட்டு முதல் பத்து அங்குல இடைவெளி விடச் சொல்வார்கள். அதைப் பன்னிரண்டு, பதினான்கு அங்குலமாகக் கூட்டினால் கியூ பின்னே போக இடம் கிடைக்கும். வேகத்தைப் படிப்படியாகச் சேர்க்கலாம் என்பதால் தசையை இறுக்காமலே பலமாக அடிக்க முடியும். ஆனால் அதே அளவுக்குப் பிழையும் பெருகும் என்பதுதான் இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம். அந்த வாதம் பாதிதான் உண்மை.

மறுபாதி இதோ. வெள்ளைப் பந்தின் மையத்துக்கு வலப்பக்கம் அடித்தால், பந்து கியூ காட்டும் திசையிலிருந்து சற்று இடப்பக்கம் விலகிக் கிளம்பும். இடப்பக்கம் அடித்தால் வலப்பக்கம் விலகும். டிப் பக்க முனையின் எடை அதிகமாக உள்ள கியூவில் இந்த விலகல் அதிகம். இப்போது, பிரிட்ஜ் அசையாமல் இருக்க, பின் கை சற்றுத் தவறி டிப் வலப்பக்கம் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கியூ வலப்பக்கம் திரும்பியிருக்கும், ஆனால் பந்து இடப்பக்கம் விலகும். குறிப்பிட்ட ஒரு பிரிட்ஜ் நீளத்தில் இந்த இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று தின்றுவிட, பந்து ஏறத்தாழ நேராகவே போகும். ஒவ்வொரு கியூவுக்கும் இந்த நீளம் வேறு. விலகல் குறைவான கியூக்களுக்கு அது அதிகமாக இருக்கும். நீளமான பிரிட்ஜில் கோணலாக வீசுகிறவர்களில் சிலருக்குப் பந்து நேராகப் போவது எப்படி என்று வியப்பவர்களுக்கு இது ஒரு விடை.

உங்கள் கியூவுக்கு அந்த நீளத்தைக் கண்டுபிடிக்கலாம். நேரான ஒரு பந்தை மூன்றடித் தொலைவில் வைத்து, வெள்ளைப் பந்தின் மையத்தைக் குறிவைத்துப் பத்து அங்குலத்தில் கையை ஊன்றுங்கள். ஊன்றிய கையை அசைக்காமல், பின் கையை மட்டும் இடப்பக்கம் நகர்த்தி, டிப் மையத்திலிருந்து அரை டிப் அளவு வலப்பக்கம் வரும்படி செய்து, கியூவைக் கூடியவரை கிடைமட்டமாக வைத்துச் சற்று வேகமாக அடியுங்கள். வெள்ளைப் பந்து குறிக்கு வலப்பக்கம் போனால் பிரிட்ஜ் குட்டை, நீளத்தைக் கூட்டுங்கள். இடப்பக்கம் போனால் நீளம் அதிகம், குறையுங்கள். நேராகப் போகும் நீளம் கிடைத்ததும் கியூவில் அந்த இடத்தை ஒரு மெல்லிய நாடாவால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அடித்தால் பந்து வளைந்துவந்து முடிவைக் குழப்பிவிடும் என்பதால் வேகத்தில் கவனம் வேண்டும். கூடத்தின் பொதுக் கியூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பதால், சொந்தக் கியூ இல்லாதவர்கள் ஒரே கியூவை அடையாளம் வைத்து எடுத்து ஆடுவது நல்லது.

மணிக்கட்டைத் தளரவிடுவதற்கான வழி, கியூவைக் கட்டைவிரலும் முதலிரு விரல்களும் மட்டும் தாங்க, மற்ற இரு விரல்களையும் சும்மா தொட்டுக்கொண்டிருக்க விடுவது. இறுக்கிப் பிடித்தால் அடியில் பலம் சேரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. பந்தோடு தொடர்பு இருக்கும் அந்த ஒரு மில்லி நொடிக்குள், கையின் மென்மையான தசை கியூவோடு சேர்ந்து பந்தைத் தள்ள வழியே இல்லை. இறுக்கம் செய்வதெல்லாம் வீச்சின் பாதையைக் கெடுப்பதுதான். ஆனால் தளர்வை ஒரே நாளில் கொண்டுவர முடியாது. வெறும் மேசையில் ஒரு கோட்டின் மேல் கியூவை ஓட்டி, டிப் அந்தக் கோட்டைவிட்டு விலகாத வரைக்கும் பிடியைத் தளர்த்துங்கள். விலகத் தொடங்கும் இடத்தில் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரெயஸிடமும் புஸ்டமான்டேயிடமும் காணப்படும் இன்னொரு வழக்கம், குறிவைக்கும்போது டிப்பைத் துணிக்கு மிக அருகே, வெள்ளைப் பந்தின் அடிப்பாகத்தில் வைத்திருந்து, கடைசி வீச்சில் வேறு உயரத்தில் அடிப்பது. பந்து துணியைத் தொடும் புள்ளி பந்தின் நடுவுக்கு நேர் கீழே இருப்பதால், டிப்பை அங்கே வைக்கும்போது இடம் வலம் சார்ந்த மையம் துல்லியமாகத் தெரிகிறது என்பது இதற்கு நான் கொள்ளும் விளக்கம். இதைப் பழக விரும்பினால், டிப்பைக் கீழே வைத்துக் கோட்டைச் சரிபார்த்த பிறகு, அடிக்கப் போகும் உயரத்துக்கு ஏற்றிக் குறைந்தது ஓர் ஒத்திகை வீச்சாவது செய்துவிட்டு அடியுங்கள். நேரே கீழிருந்து மேலே தாவி அடிப்பது அவர்களுக்கு வாய்க்கிறது; நமக்கு ஸ்க்ரூ (பந்தைப் பின்னுக்கு இழுக்கும் சுழற்சி) வேண்டாத இடத்தில் ஸ்க்ரூ விழும்.

குத்து அடி

நம் ஊர்க் கூடங்களுக்கு மிகவும் தேவையான ஸ்ட்ரோக் இதுதான் என்பேன். கடை வாடகைக்கு எடுத்த குறுகலான மாடி அறைகளில் மேசைக்கும் சுவருக்கும் நடுவே கியூ நீளத்துக்கு இடம் இருப்பதில்லை, போதாக்குறைக்கு நடுவில் ஒரு தூணும் நிற்கும். சுவரில் கியூ இடிக்கும் என்று பின்பக்கத்தைத் தூக்கி அடிக்கிறவர்களே அதிகம். கியூ சாய்ந்தால் சிறிதளவு சைடுகூடப் பந்தை வளைத்துவிடும் என்பதால் அது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அதற்குப் பதில் ஹாப்கின்ஸின் குட்டை அடியைப் பழகலாம். பிரிட்ஜை ஐந்து அல்லது ஆறு அங்குலத்துக்குக் குறைத்து, பிடிக்கும் கையையும் அதே அளவு முன்னே நகர்த்தி, இரண்டு மூன்று அங்குலம் மட்டும் பின்னே இழுத்து, நிறுத்தாமல் அதே தாளத்தில் முன்னே தள்ளுங்கள். பிடிக்கும் கையை முன்னே கொண்டுவராமல் பிரிட்ஜை மட்டும் குறைத்தால், டிப் பந்தைத் தொடும்போது முன்கை செங்குத்தாக இருக்காது. குத்து அடி பலருக்குத் தவறுவது இந்த இடத்தில்தான்.

கேரம் நன்றாக ஆடிவிட்டுப் பூலுக்கு வருகிறவர்களுக்கு இந்த அடி விரைவில் வசப்படுவதைக் கவனித்திருக்கிறேன். சிறிய இழுப்பில் அளவான வேகம் கொடுக்க அவர்களுடைய விரல்கள் முன்பே பழகியிருக்கின்றன, கோணமும் கண்ணில் இருக்கிறது. ஆனால் முழு மேசை நீளத்துக்கு ஸ்க்ரூ அடிக்க வேண்டிய இடத்தில் இந்தக் குட்டை அடி போதாது. அதற்காக அதையே பலமாகக் குத்தினால் தோள் உள்ளே வந்துவிடும். கேரத்திலிருந்து வந்தவர்கள் குத்து அடியோடு ஒரு நீள அடியையும் தனியாக வளர்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

வழுக்குப் பிடி

பின் கை கியூவின் மேல் வழுக்கிச் செல்லும் ஸ்ட்ரோக்கை ஆங்கிலத்தில் ஸ்லிப் ஸ்ட்ரோக் என்பார்கள். அமெரிக்காவின் ‘கவ்பாய்’ ஜிம்மி மூர் இதற்குப் பேர்பெற்றவர். கடைசியாகப் பின்னே இழுக்கும்போது, கியூ நிற்க, பிடித்திருக்கும் கை மட்டும் தளர்ந்து மூன்று நான்கு அங்குலம் பின்னால் வழுக்கி, அங்கே மென்மையாகப் பிடித்துக்கொண்டு முன்னே வரும். வழுக்கும் கையால் கியூவை இறுக்க முடியாது. எனவே இறுக்கிப் பிடிக்கும் கெட்ட பழக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரியவில்லை. மெல்லிய தொடுதல் வேண்டிய இடங்களில், வெள்ளைப் பந்தை ஓரிரு அடி மட்டும் நகர்த்தி நிறுத்த வேண்டிய அடிகளில், இதன் பயன் கண்கூடு.

பழகும் முறையில் ஒரு வரிசை உண்டு. முதலில் பந்தே இல்லாமல், கியூ அசையாமல் கை மட்டும் பின்னே வழுக்குவதைச் செய்யுங்கள். கியூவும் சேர்ந்து அசைந்தால் பிடி இன்னும் தளரவில்லை. பிறகு வெள்ளைப் பந்தை மட்டும் எதிர்க் குஷனுக்கு அனுப்பி, உங்கள் பக்கக் குஷனுக்கு மிக அருகில் வந்து நிற்கும்படி அடியுங்கள். அது கைவந்த பிறகே குறிப்பந்து வையுங்கள். சித்திரை வைகாசியில் உள்ளங்கை வியர்த்து ஒட்டிக்கொள்ளும்போது இந்த ஸ்ட்ரோக் வராது. கையைக் கழுவி, துடைத்து, தேவைப்பட்டால் சிறிது பவுடர் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் பவுடர் மேசைத் துணியில் சிந்தினால் கூடத்துக்காரர் கோபிப்பது நியாயமே.

தயக்கம், பக்கவீச்சு, மாற்றுக் கை

சிசரோ மர்ஃபியின் தயக்கத்தை அப்படியே எடுப்பது கடினம், ஆனால் அதன் எளிய வடிவம் எல்லோருக்கும் பயன்படும். ஒத்திகை வீச்சுகள் முடிந்ததும் டிப்பைப் பந்துக்கு மிக அருகே கொண்டுவந்து ஒரு கணம் நிறுத்தி, தொடப் போகும் புள்ளியில்தான் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் அடிக்காமல் எழுந்து நின்று மறுபடி குனியுங்கள். அவசரத்தில் அடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இதுவே பாதி வைத்தியம்.

பக்கவீச்சைப் புதிதாகக் கற்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. தோளிலோ முழங்கையிலோ பழைய காயம் இருந்து, முன்கையை நேராகத் தொங்கவிட முடியாதவர்களும், சிறுவயதிலிருந்தே அப்படி ஆடி மேலே சொன்ன சோதனைகளில் தேறியவர்களும் அதை வைத்துக்கொள்ளலாம். அலெக்ஸ் ஹிக்கின்ஸ் 1972-லும் 1982-லும் ஸ்நூக்கர் உலகப் பட்டம் வென்றவர் என்பதற்காக, அடிக்கும்போது அவரைப்போல் தலையையும் உடம்பையும் தூக்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

மாற்றுக் கையால் அடிப்பதை மட்டும் எல்லோரும் பழக வேண்டும் என்று வற்புறுத்துவேன். 1996 உலக ஸ்நூக்கர் போட்டியில் வலது கைக்காரரான ரோனி ஓ’சலிவன் இடது கையால் ஆடியதை, தன்னை அவமதிப்பதாக எதிராளி அலைன் ரொபிடோ எடுத்துக்கொண்டார். இன்று ஓ’சலிவன் இடது கையால் ஆடுவதை யாரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. தூணும் சுவரும் நெருக்கும் கூடத்தில், நீளக் கம்பை எடுத்துத் தடுமாறுவதைவிட மாற்றுக் கையால் மூன்றடிப் பந்தைப் போடத் தெரிந்திருப்பது மேல். ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும், கை சோர்வதற்கு முன்னால், பாக்கெட்டுக்கு அருகில் உள்ள நேரான பந்துகளை மட்டும் மாற்றுக் கையால் போட்டுப் பழகுங்கள். ஸ்க்ரூவும் சைடும் வேண்டாம், மையத்தில் மட்டும் அடித்தால் போதும்.

எடுக்கக் கூடாத ஒன்று

டிப் பந்தைத் தொடும் கணத்தில் கியூவைப் பக்கவாட்டில் வெட்டி இழுத்தால் அதிக சைடு கிடைக்கும் என்று நம்பிப் பலர் பழகுகிறார்கள். தொடர்பு ஒரு மில்லி நொடிதான், அதற்குள் டிப் நகர்வது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வைத்தால், அந்த வெட்டுக்கு நேரமே இல்லை என்பது விளங்கும். அதே புள்ளியை, அதே திசையில், அதே வேகத்தில் நேராகச் சென்று தொட்டாலும் அதே சுழற்சிதான் கிடைக்கும். வெட்டி அடிக்கிறவர்களுக்குச் சுழற்சி அதிகம் கிடைப்பதுபோல் தோன்றுவது, அவர்கள் தாம் நினைத்ததைவிட மையத்திலிருந்து தள்ளித் தொட்டுவிடுவதால்தான். சுழற்சி அதிகம் வேண்டுமென்றால், தொடக்கத்திலேயே மையத்திலிருந்து தள்ளிக் குறிவையுங்கள். பந்தின் ஆரத்தில் ஏறத்தாழப் பாதி தூரம் வரை, அதாவது மையத்திலிருந்து சுமார் 14 மில்லிமீட்டர் வரை போகலாம். அதைத் தாண்டினால், டிப்பில் எவ்வளவு சாக் (வழுக்காமலிருக்கத் தடவும் பொடி) போட்டிருந்தாலும் டிப் வழுக்கிவிடும்.

புதிய ஸ்ட்ரோக் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதை மட்டும் தனியாகப் பழகி, பந்தயம் வைத்த ஆட்டங்களில் பழைய கையாலேயே ஆடுங்கள். வாரம் ஒருமுறை அந்த மூன்று சோதனைகளையும் இரண்டு கைவழிகளிலும் செய்து ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஆறடி ஸ்டாப் ஷாட்டில் புதியது பழையதை எட்டிப் பிடித்த வாரத்திலிருந்து அதை ஆட்டத்தில் கொண்டுவரலாம். ஒரு பருவம் முழுக்கப் பழகியும் எட்டவில்லை என்றால் அதை விட்டுவிடலாம்.